மாட்டாஸ்பத்திரி வாசல்

வேப்பமரத்தடியில் நிற்கிற மனிதருக்கு மாடும் கிடையாது, ஆடும் கிடையாது. ஆனாலும் கால்நடை பன்முக மருத்துவமனையின் கேட்டைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடுகிறார். தோளில் பச்சைத் துண்டு, வாயில் வெற்றிலை. உள்ளே நுழைகிற ஒவ்வொரு உருப்படியையும் நடை, கண், மூக்கு, மடி என்ற வரிசையில் பார்க்கிறார். 'உருப்படி' அவருடைய சொல். மாட்டின் மூக்கு காய்ந்திருந்தால் ஓர் அடி முன்னால் வருகிறார், நொண்டினால் இரண்டடி. வைத்தியத்துக்கு மசியாது என்று டாக்டர் கைவிரித்த மாட்டை அங்கேயே விலை பேசி, சாயங்காலத்துக்குள் அடிமாட்டு லாரிக்கு அனுப்புகிற தரகர்.

உருப்படி இல்லாமல் அந்த வளாகத்துக்குள் இருக்கிற இன்னொரு ஆள் நான். சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார், தொழில் போட்டியோ என்று. என் செருப்பைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் பச்சை ஏப்ரன், கொண்டைக்குள் செருகிய பால்பாயின்ட் பேனா. எந்த மாடு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அசை போடுதா?" காய்ச்சல், கழிச்சல், காயம் எல்லாம் அதற்குப் பிறகு. அசை போடுகிற மாட்டுக்கு அவசரமில்லை, உட்காரலாம். போடாத மாட்டுக்காரர் வரிசையைத் தாண்டி முன்னால் வரவேண்டும். டோக்கன் கொடுக்காமலே வரிசை தானாகப் பிரிந்துகொள்கிறது.

முதலில் வந்தவை மாடுகளல்ல. உரச்சாக்குக்குள் உடம்பும் வெளியே தலையுமாக மூன்று செம்மறிக் குட்டிகள். கிடைக்காரர் டிவிஎஸ் எக்ஸெல்லின் முன்பலகையில் வைத்துக் கொண்டுவந்தார். மூக்கில் சளி காய்ந்து ஓட்டை அடைத்திருக்கிறது. பின்பக்கமெல்லாம் கழிந்து ஒட்டியிருக்கிறது. "வெக்கை இறங்கிருச்சு டாக்டரம்மா" என்று அவரே நோயின் பெயரையும் சொல்லிவிட்டார். டாக்டரம்மா ஒரு குட்டியின் மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கினார். ஈறு நெடுகத் தவிடு அப்பியதுபோல வெளிறிய புண்.

"சந்தையில புதுசா ஏதும் பிடிச்சீங்களா?"

கிடைக்காரர் தலையைச் சொறிந்தார். பக்கத்தில் நின்ற மகன்தான் சொன்னான்: "நாலு பிடிச்சோம். போன வாரம்."

"தனியாக் கட்டினீங்களா, கிடையோட சேத்தீங்களா?"

இதற்கு இருவருமே பதில் சொல்லவில்லை.

மாட்டு வெக்கை 2011இல் உலகத்தை விட்டே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். மனிதர்களின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக அடியோடு ஒழிக்கப்பட்ட நோய் அது ஒன்றுதான். அதன் பங்காளியான ஆட்டுக்கொல்லி மட்டும் இன்னும் சந்தை சந்தையாக நடந்துகொண்டிருக்கிறது. அந்த வைரஸைக் கொல்ல மருந்தில்லை. நுரையீரலில் சளி கட்டாமலிருக்க ஒரு ஊசி, கழிச்சலில் போன நீருக்கு ஒரு பாட்டில், வாய்ப்புண்ணுக்குக் கழுவுகிற தண்ணீர், அவ்வளவுதான். மூன்று குட்டிகளுக்கும் அதைச் செய்தார்கள். கிடைக்காரர் குட்டிகளைப் பார்க்கவே இல்லை. கிடையில் நிற்கிற மீதி அறுபதைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கல்நெஞ்சம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றைக் கைகழுவிவிட்டு அறுபதைக் காப்பாற்றத் தெரியாதவன் கிடை போட முடியாது.

"நோவு காணாததை எல்லாம் இப்பவே பிரிச்சு வேற இடத்துல அடைங்க. மத்தியானம் ஐஸ் பெட்டியோட ஆள் வரும். தடுப்பூசி மருந்தைக் கரைச்சிட்டா வெயில்ல வச்சிருக்க முடியாது. ஆட்டை மடக்கி வச்சிருங்க, வந்தவுடனே போட்டு முடிக்கணும்."

தரகர் சாக்கின் பக்கமே வரவில்லை. நோவு கண்ட செம்மறிக் குட்டிக்கு விலை இல்லை.

அடுத்து வந்த கிடாவுக்கும் விலை இல்லை, ஆனால் காரணம் வேறு. காயடிக்காத கறுப்புக் கிடா. பின்னுக்கு வளைந்த கொம்பு, கழுத்தில் மணி, மஞ்சள் தோய்த்த கயிறு. தரகரின் கண் ஒரு நொடி மின்னியது. மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும் அணைந்தது. "நேர்ந்து விட்டதா?" என்று மட்டும் கேட்டார். "கருப்பனுக்கு. வர்ற மாசிக் களரி" என்றார் கிடாவுக்குரியவர். தரகர் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு மரத்தடிக்குத் திரும்பிவிட்டார். சாமி உருப்படிக்கு விலை கேட்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் ஒழுக்கம்.

கிடா முதுகை வளைத்து முக்குகிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது. வாலை ஆட்டி ஆட்டிப் பின்னங்காலை மாற்றி வைக்கிறது. நேற்று ராத்திரியிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் மூத்திரம், விடிந்ததிலிருந்து அதுவும் இல்லையாம்.

"என்ன குடுத்தீங்க?"

"குறை வைக்கலீங்கம்மா. ரேசன் அரிசி, மக்காச்சோளம், தவிடு, கல்யாண வீட்டுச் சோறு... சாமிக்குப் போறதில்லையா?"

டாக்டரம்மா பெருமூச்சு விட்டார். தானியமும் தவிடும் அதிகமானால் அதிலுள்ள பாஸ்பரஸ் மூத்திரத்தில் இறங்கி மணல்போலக் கல் கட்டும். பெட்டை ஆடு அதைச் சுலபமாக வெளியே தள்ளிவிடும், அதற்கு வழி அகலம். கிடாவுக்கு வழி குறுகல், வளைவு நெளிவு வேறு. அதற்கு மேல் உறுப்பின் நுனியில் மண்புழுக் குஞ்சைப் போல ஒரு நீட்டம் உண்டு. கல் பெரும்பாலும் அங்கேதான் வந்து மாட்டும்.

உதவியாளர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, கிடாவைத் தன் மடியில் மனிதனைப் போல் நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டார். நாலு காலையும் காற்றில் நீட்டிக்கொண்டு, கருப்பனுக்கு உரிய கிடா, மாட்டாஸ்பத்திரிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா உறைக்குள்ளிருந்து உறுப்பை வெளியே எடுத்து, நுனியை விரலால் நெருடிப் பார்த்தார். "இருக்கு." கத்தரிக்கோலால் அந்தப் புழுவால் நுனியை ஒரே வெட்டு. இரண்டு மணல்மணிகள் அவர் கையுறையில் ஒட்டின. பின்னாலேயே மூத்திரம் பீறிட்டு உதவியாளரின் காக்கி பேன்ட்டை நனைத்தது. அவர் திட்டவில்லை. "வந்துருச்சு, வந்துருச்சு" என்று சிரித்தார். கிடாவுக்குரியவர் கைகூப்பினார். டாக்டரம்மாவையா, சுவருக்கு அப்பால் இருக்கிற கருப்பனையா என்று சொல்ல முடியாத திசையில்.

நவச்சாரப் பொடியைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்து, தண்ணீரில் கலக்கச் சொன்னார்கள். "அரிசி, சோளம் எல்லாம் நிறுத்துங்க. தழையும் தண்ணியும் போதும். மேல இன்னும் கல்லு இருக்கலாம். மறுபடி அடைச்சா உடனே கொண்டாங்க. பை வெடிச்சிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

"மாசி வரைக்கும் தாங்கும்லம்மா?"

டாக்டரம்மா பேனாவைக் கொண்டையிலிருந்து உருவிச் சீட்டெழுதத் தொடங்கினார். அந்தக் கேள்விக்குரிய இடம் சீட்டில் இல்லை.

நடுவில் சில்லறைக் கூட்டம். மடிநோய் கண்ட எருமை ஒன்று. ஒரு காம்பில் தயிர்த் திப்பி போல வருகிறது. தொப்புளில் புழு வைத்த கன்று. சினை ஊசிக்கு வந்த கிடேரிகள் இரண்டு. இட்லி மாவைக் குண்டானோடு நக்கிவிட்டு வயிறு ஊதிக் கண் குழிந்து போன வெள்ளாடு. அதன் வாய்வழியே குழாய் இறக்கி ஆப்பசோடாக் கரைசலை ஊற்றினார்கள். மாவரைத்த அம்மாள் ஆட்டுக்கு அழுவதா மாவுக்கு அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

பத்து மணிவாக்கில் குட்டியானை வண்டி ஒன்று பின்னோக்கி வந்து நின்றது. செவலை நிறம், ஜெர்சிக் கலப்பு, இரண்டாம் ஈத்து. வண்டியிலிருந்து மண்மேட்டில் கால் வைத்து இறங்கவே யோசித்தது. அதைத் தரகர் பார்த்துவிட்டார். மூன்றடி முன்னால் வந்தார்.

மாட்டோடு வந்தவர்கள் புருஷனும் பெண்சாதியும். டவுனுக்கு ஒட்டின ஊர். மேய்ச்சல் நிலமெல்லாம் மனைக்கல் நட்டாகிவிட்டது. மாடு காலையில் கறந்ததும் அவிழ்த்துவிட்டால், காய்கறி மார்க்கெட்டும் கல்யாண மண்டபமும் சுற்றிவிட்டு மாலையில் தானாக வந்துவிடும். எட்டு லிட்டர் கறந்தது இப்போது ரெண்டு. வாரத்துக்கு ஒருமுறை வயிறு ஊதுகிறது, தானாக வடிகிறது, மறுபடி ஊதுகிறது. இரண்டு மாதமாக நாட்டு மருந்து, வாயு மருந்து, ஓமத் தண்ணி எல்லாம் ஆயிற்று.

"அசை போடுதா?"

"எப்பவாவது" என்றான் அவன். "போடல" என்றாள் அவள்.

மாடு இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் போனது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இடப்பக்கம் ஒரு குழி இருக்கிறதே, பட்டினி மாட்டுக்கு ஒட்டிப்போய்த் தெரியுமே, அங்கே டாக்டரம்மா முஷ்டியை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் முஷ்டியின் பள்ளம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. ஸ்டெதஸ்கோப்பை அதே இடத்தில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மாட்டுக்கு இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை வயிறு புரண்டு இடிபோல உருளும். இதற்கு ஒன்றும் உருளவில்லை. அலைதாடியில் நீர் கோத்திருக்கிறதா, கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். இல்லை. திமிலுக்குப் பின்னால் முதுகை இறுகப் பிடித்தார். மாடு முதுகைத் தாழ்த்தாமல் முனகியது. பிறகு தோள்வரை நீளும் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு பின்பக்கம் கைவிட்டார்.

"சினை. அஞ்சு மாசம். வயித்துக்குள்ள குப்பை கட்டியிருக்கு. ஆணி கீணியும் இருக்கலாம். இன்னும் நெஞ்சுக்குப் போகலை. ஆபரேஷன் பண்ணலாம்."

ஆட்டுக்கு உதடு உண்டு, பொறுக்கித் தின்னும். மாடு நாக்கைச் சுழற்றி வாரி உள்ளே தள்ளிவிடும். மென்று பார்ப்பதெல்லாம் பிறகு, அசை போடும்போது. அதற்குள் ஆணி கீழே இறங்கித் தேன்கூட்டில் உட்கார்ந்திருக்கும். கறிக்கடையில் போட்டி வாங்கியவர்களுக்கு அந்தத் தேன்கூடு தெரியும். உள்பக்கமெல்லாம் அறுகோண அறைகள். அதற்கு முன்னால் ஒரு மெல்லிய தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் இதயம். இருதய நோயே இல்லாத மாடு, ஒரு வேலி ஆணியால் இருதயத்தில் சீழ் பிடித்துச் சாவது இப்படித்தான். பிளாஸ்டிக் பையின் கதை வேறு. அது குத்தாது. அடுத்த அறைக்குப் போகிற வழியில் நன்றாக அரைபட்ட கூழ்தான் நுழையும் என்பதால் முதல் வயிற்றைவிட்டு நகரவும் நகராது. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வளரும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில், திருமுல்லைவாயிலில் இருந்து வந்த ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ எடுத்தார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு தடை விதித்தது அதே ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி. தடைக்கு முன்னால் தின்றதுதான் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

தரகர் புருஷனைத் தனியாகக் கூப்பிட்டுத் துண்டுக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் என்ன சொல்லின என்று தெரியவில்லை. அவன் திரும்பி வந்து பெண்சாதியிடம், "பதினாலு தர்றேங்கிறாரு. கிழிச்சபெறகு செத்துப்போனா அதுவும் இல்ல" என்றான்.

மாட்டாஸ்பத்திரியில் இதை யாரும் மறைத்துப் பேசுவதில்லை. நோயாளிக்கு ஒரு விலை உண்டு, வைத்தியத்துக்கு ஒரு நாள்கணக்கு உண்டு, இரண்டையும் கழித்துப் பார்த்துத்தான் கத்தி. ஐயோ பாவம் என்பவர்கள் பெரும்பாலும் மாடு வளர்க்காதவர்கள். டாக்டரம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. வேறு பக்கம் பார்த்துக் கைகழுவிக்கொண்டிருந்தார், நன்றாக நேரம் எடுத்து.

"சினைம்மா அது" என்றாள் அவள், டாக்டரம்மாவிடம்தான், புருஷனிடமல்ல. "கிழிச்சுத்தான் பாருங்களேன்."

மாட்டை மயக்கிப் படுக்கப்போடுவதில்லை. படுத்தால் வயிற்றுக் காற்று வெளியேறாமல் ஊதும், உள்ளே இருக்கும் நீர் தொண்டைக்கு ஏறி நுரையீரலில் இறங்கிவிடும். ஆகவே நின்றபடியே, விழித்தபடியே. முதுகெலும்பை ஒட்டி மூன்று இடங்களில் மரத்துப்போகிற மருந்தைச் செலுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா புறங்கையை மாட்டின் இடப்பக்கம் வைத்துப் பார்த்தார். தோல் சூடேறியிருந்தால் நரம்பு மரத்துவிட்டது என்று பொருள். பிறகு ஊசிமுனையால் குத்திப் பார்த்தார். மாடு திரும்பிப் பார்க்கவில்லை. ரோமத்தைச் சிரைத்து அயோடின் பூசிய இடம் அதன் செவலை நிறத்தைவிடச் சிவந்து கிடந்தது.

தோல் பிளந்ததும் ரத்தம் அதிகம் வரவில்லை. சதை மூன்று அடுக்கு, ஒவ்வொன்றின் நார் ஒவ்வொரு திசையில். கடைசி ஜவ்வைத் திறந்தபோது 'ஸ்ஸ்' என்று வெளிக்காற்று உள்ளே போனது. சாம்பல் நிறத்தில் வயிறு பிதுங்கி வந்தது. அதை உடனே அறுக்கவில்லை. சுற்றிலும் தோலோடு சேர்த்துத் தைத்தார்கள், உள்ளிருப்பது ஒரு துளியும் பக்கவாட்டில் சிந்திவிடாமல். கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்த பையன்கள் இரண்டு பேர் துணைக்கு நின்றார்கள். ஒருவன் ஒவ்வொரு தையலையும் உதட்டசைவில் எண்ணிக்கொண்டிருந்தான்.

வயிறு திறந்ததும் வந்த வாடையில் ஜன்னலோரம் நின்ற கூட்டம் கலைந்தது. கிடைக்காரரின் மகன் மட்டும் நகரவில்லை. டாக்டரம்மாவின் கை தோள்வரை உள்ளே போய், கன்னம் மாட்டின் விலாவில் ஒட்டியது. கண்ணை மூடிக்கொண்டார். அங்கே கண்ணால் ஆகவேண்டிய வேலை இல்லை. முதல் பிடி வெளியே வந்தபோது பை பையாக வரவில்லை. கோணியும் கேரி பேக்கும் தேங்காய் நாரும் சேர்ந்து திரித்த வடமாக வந்தது. இழுக்க இழுக்க முடியவில்லை. கத்தரித்துக் கத்தரித்து எடுத்தார்கள். பால் கவர், பூ கட்டின நூல், சாம்பார் கட்டிய மெல்லிய பை, முடிச்சு அவிழாமலே. அந்த முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கையில்லை, உள்ளே இருந்த பழஞ்சோற்றுக்காகப் பையோடு விழுங்கியிருக்கிறது. ஒரு செருப்பு வார். கல்யாண மண்டபத்துத் தாம்பூலப் பை ஒன்றில் மணமக்கள் பெயர்கூட அழியவில்லை.

கணவன் சாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதல் சாக்கு நிறைந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டாவது சாக்கு வந்தபோது, "நம்ம வீட்டுதும் இருக்கும்ல" என்றான். பெண்சாதி மாட்டின் மூக்கைப் பிடித்துத் தலைமாட்டில் நின்றாள். அவளுக்குச் சாக்கு தெரியாது. மாட்டின் கண்தான் தெரியும். அது கண்ணிமை தாழ்த்தி நின்றது. இடையில் ஒரு தடவை பின்னங்காலை மாற்றி வைத்தது, கொசு கடித்ததற்கு.

வயிறு காலியானதும் டாக்டரம்மா கையை முன்பக்கம் திருப்பித் தேன்கூட்டுக்குள் விட்டு, ஒவ்வொரு அறையாகத் தடவினார். இரண்டு நாணயம். ஒரு கொண்டை ஊசி. கடைசியில் ஒரு ஆணி, துருப்பிடித்து, தலை மேலும் முனை முன்னாலுமாகச் சாய்ந்திருந்ததாம். சொல்லிக்கொண்டே ட்ரேயில் போட்டார். 'டிங்' என்றது. உதவியாளர் விரல் நீளக் காந்தம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதை உள்ளேயே போட்டுவிட்டார்கள். இனி விழுங்கப்போகிற ஆணிக்கு. மாடு திருந்தும் என்று அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

அறுவைக் கத்தி, கையுறை எல்லாம் மாற்றினார்கள். வயிற்றை இரண்டு அடுக்காக, விளிம்பு உள்பக்கம் மடியும்படி தைத்தார்கள். பிறகு சதை, பிறகு தோல். பக்கத்து ஊர்ப் பசுவின் வயிற்றுநீர் ஒரு வாளியில் வந்திருந்தது. நல்ல மாட்டின் அந்த நீரில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு. அவை குடியேறினால்தான் வைக்கோல் செரிக்கும். அதைக் குழாய் வழியே வாய்க்குள் இறக்கினார்கள். முடியும்போது மணி ஒன்றரை.

"பன்னெண்டு நாள்ல தையல் பிரிக்கலாம். அடர்தீவனம் வேண்டாம். பச்சைப்புல் கொஞ்சம் கொஞ்சமா. ஊசி அஞ்சு நாள் போடணும். அந்த நாள்லயும் அதுக்கப்புறம் நான் சொல்ற வரைக்கும் பாலைச் சொசைட்டிக்கு ஊத்தாதீங்க. மருந்து பால்ல இறங்கும்."

அவள் தலையாட்டினாள். "வீட்டுக்கு?"

"வீட்டுக்கும்தான். கன்னுக்குட்டிக்கும்தான்."

கட்டணம் என்று யாரும் கேட்கவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரி. வெளியில் வாங்கச் சொன்ன இரண்டு மருந்துக்கான சீட்டை மட்டும் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வெயில் தாழ, தரகர் மெதுவாக வந்தார். மாட்டைச் சுற்றி ஒரு நடை. தையலை எண்ணினார். தொடாமல் குனிந்து மடியைப் பார்த்தார். சாக்கு இரண்டையும் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு கணவனைப் பார்த்துத் துண்டை விரித்தார். அவன் தயங்கினான்.

"வாயால சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றாள் அவள்.

"இருபத்தெட்டு."

"காலைல பதினாலு சொன்ன வாயா இது?"

"காலைல வயித்துக்குள்ள கெடந்த சனியனையும் சேத்துல்ல விலை சொன்னேன்" என்றார் தரகர், கொஞ்சமும் கூசாமல். "அது சினைன்னு நீங்களும் அப்பச் சொல்லலையே."

"முப்பத்தஞ்சுன்னா..." என்று ஆரம்பித்தான் கணவன்.

"வண்டில ஏத்து" என்றாள் அவள், அவனைப் பார்த்து.